ஒரே கணக்கு, பல விக்கிகள்: எங்கே என்ன உரிமை?

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவருக்கு விக்கிமூலம், விக்சனரி, விக்கித்தரவு, படங்களைப் பதிவேற்றும் பொதுவகம் என எதிலும் தனிக் கணக்கு தேவையில்லை. 2015 ஏப்ரலில், இவற்றையெல்லாம் நடத்தும் விக்கிமீடியா தன் தளங்களின் கணக்குகளை எல்லாம் ஒன்றாக்கி முடித்தது. அன்றிலிருந்து ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆனால் உரிமைகள் மட்டும் தளத்துக்குத் தளம் வேறு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

படி 1: கணக்கைத் தொடங்குங்கள்

பெயரை யோசித்து வையுங்கள். எல்லா விக்கிகளிலும் அதுதான் தெரியும்; மாற்ற வேண்டுமானால் உலகளாவிய பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கடையின் பெயர், கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனப் பெயரில் இருக்கும் கணக்கைத் தடை செய்துவிடுவார்கள்.

மின்னஞ்சலைக் கட்டாயம் கொடுங்கள். படிவத்தில் அது விருப்பம் என்றுதான் இருக்கும், ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்க வேறு வழி கிடையாது.

புகுபதிகை செய்யும்போது முகவரிப் பட்டையில் விக்கிப்பீடியா போய் 'ஆத்.விக்கிமீடியா.ஆர்க்' என்று வரும். ஏமாற்றுத் தளமோ என்று பயப்பட வேண்டாம், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான வாசல் அது.

படி 2: எங்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள்

புகுபதிந்த நிலையில் விக்கிமூலத்தை ஒருமுறை திறந்தாலே அங்கும் உங்கள் கணக்கு தானாக உருவாகிவிடும். பிறகு விருப்பத்தேர்வுகளில் உங்கள் விவரங்கள் உள்ள பகுதிக்குப் போனால், உலகளாவிய கணக்குக்கான இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும்: ஒவ்வொரு வரியிலும் ஒரு விக்கி, அங்கே நீங்கள் செய்த தொகுப்புகளின் (அதாவது திருத்தங்களின்) எண்ணிக்கை, அங்கே நீங்கள் இருக்கும் பயனர் குழு. எங்கேயோ ஏதோ செய்ய முடியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அறிமுகப் பக்கத்தை விக்கிக்கு விக்கி எழுத வேண்டாம். எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைப்புத் தளமான மேல்விக்கியில் ஒன்று எழுதினால், தனிப் பயனர் பக்கம் இல்லாத எல்லா விக்கிகளிலும் அதுவே தெரியும்.

படி 3: உரிமைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக இருப்பவர் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் போனால் வெறும் பயனர்தான். தொகுப்பு எண்ணிக்கையும் கூடவே வராது. ஆங்கிலத்தில் ஓரளவு காக்கப்பட்ட பக்கத்தைத் திருத்த, அங்கே கணக்குக்கு 4 நாள் வயதும் 10 தொகுப்புகளும் வேண்டும். இன்னும் கடுமையாகக் காக்கப்பட்ட பக்கங்களுக்கு 30 நாளும் 500 தொகுப்புகளும். தமிழில் ஆயிரக்கணக்கில் எழுதியவருக்கும் இதே விதிதான். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு சமூகம் தன் பக்கங்களை யாரை நம்பி விடுவது என்பதை அதுவே முடிவு செய்வதுதான் சரி.

தடையும் அப்படியே. ஒரு விக்கியில் தடை விழுந்தால் மற்ற விக்கிகளில் வேலை தொடரலாம். கணக்கையே உலகளாவிய அளவில் பூட்டும் அதிகாரம், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேலாளர்களான ஸ்டூவர்டுகளிடம் இருக்கிறது; அது நடந்தால் எங்குமே புகுபதிய முடியாது.

படி 4: பட்டறை நடத்துகிறவர்களுக்கு

வகுப்புக்கே ஒரு கணக்கு, கரும்பலகையில் கடவுச்சொல் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். யார் என்ன எழுதினார் என்றே தெரியாது. ஒருவர் குறும்பு செய்தால் தடை எல்லோருக்கும்தான்.

ஆளுக்கொரு கணக்கு என்றாலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து (ஐ.பி.) நாளொன்றுக்கு 6 கணக்குகள்தான் தொடங்கலாம். கணினி ஆய்வகத்தில் முப்பது பேரும் ஒரே இணைப்பில் இருந்தால் ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்திதான் வரும். முந்தைய நாளே வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், வரம்பைத் தளர்த்தச் சொல்லி விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைகளுக்கான தளமான ஃபேப்ரிக்கேட்டரில் சில நாள் முன்னதாகவே கோரிக்கை வையுங்கள்.

படி 5: வெளிக் கருவிகள்

காணொளியைப் பொதுவகத்தில் ஏற்றும் கருவிகள் போன்றவை உங்கள் பெயரில் செயல்பட அனுமதி கேட்கும். நம்பகமான கருவி கடவுச்சொல்லைத் தன் பக்கத்தில் தட்டச்சச் சொல்லாது. விக்கிமீடியா பக்கத்துக்கு அனுப்பி, தனக்கு என்னென்ன உரிமை வேண்டும் என்று அங்கே காட்டும். அதைப் படித்துவிட்டு 'அனுமதி' கொடுங்கள். வேலை முடிந்ததும் விருப்பத்தேர்வுகளில் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.