பாஸ்வேர்டு மேனேஜர் சிங்க் ஆகவில்லையா? ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

அப்டேட் ஆன பிறகு பாஸ்வேர்டு மேனேஜர் திடீரென்று சிங்க் ஆகாமல் நின்றுவிட்டால், ஃபயர்வாலின் (எந்த நிரல் இணையத்தோடு பேசலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு நிரல்) விதிகள் பட்டியலில் அந்தச் செயலிக்கு ஏற்கெனவே இருக்கும் விதியை நீக்குங்கள். அப்புறம் செயலியை மூடித் திறந்து, ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது புதிதாக அனுமதி கொடுங்கள். வெளியே செல்லும் இணைப்பு மட்டும் போதும், அதுவும் போர்ட் 443-க்கு (பாதுகாப்பான இணையத் தொடர்பு போகும் வாசல் எண்). உள்ளே வரும் இணைப்புகளைத் திறந்துவிட வேண்டிய தேவையே இல்லை.

பல ஃபயர்வால்கள் ஒரு நிரலை அதன் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. சில செயலிகள் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புது ஃபோல்டருக்கு மாறிவிடுவதால், பழைய விதி, இப்போது அங்கே இல்லாத கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும். பிரவுசரில் உங்கள் கணக்கு திறக்கிறது, செயலியில் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விதி சரியாக இருந்தும் சான்றிதழ் பிழை (சேவையின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கை) வந்தால், ஆன்டிவைரஸின் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கில் (பாதுகாப்பான இணைப்பை நடுவே பிரித்துப் பார்க்கும் வசதி) அந்தச் சேவையின் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். கடவுச்சொற்கள் போகும் பாதையில் இன்னொரு நிரல் நடுவே நிற்காமல் இருப்பதே நல்லது.

பிரவுசர் எக்ஸ்டென்ஷனை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இந்த ஃபயர்வால் விதி மாற்றம் பொருந்தாது. அதன் இணைப்பு பிரவுசர் வழியாகவே போகிறது. கீபாஸ்எக்ஸ்சி போலக் கோப்பை லேப்டாப்பிலேயே வைத்திருக்கும் மேனேஜர்களுக்கும் தேவையில்லை. அலுவலக லேப்டாப் என்றால் விதிகளில் கை வைக்காமல் ஐடி பிரிவிடம் சொல்லுங்கள்.