யூத நண்பர்கள் சிங்கப்பூர் வந்தால் எங்கே கூட்டிப் போவது, என்ன வாங்கிக் கொடுப்பது

உங்களுக்குத் தெரிந்த யூதத் தம்பதி சிங்கப்பூர் வருகிறார்கள், நீங்கள்தான் சுற்றிக் காட்டப் போகிறீர்கள் என்றால், எந்த இடம் போகலாம் என்று யோசிக்கும் முன் காலண்டரை எடுத்து அவர்கள் இருக்கும் நாட்களில் வெள்ளிக்கிழமை எங்கே விழுகிறது என்று பாருங்கள். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள். கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் பணத்தைத் தொட மாட்டார்கள், காரிலோ ரயிலிலோ ஏற மாட்டார்கள், விளக்கு சுவிட்சைப் போட மாட்டார்கள், போனை எடுக்க மாட்டார்கள். நம்மூரில் சூரியன் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே மறைவதால் கணக்கு சுலபம்: வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குமேல் எந்தத் திட்டமும் வேண்டாம், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிறகு தாராளமாகக் கிளம்பலாம்.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி கிடையாது. கேஷ்ரூத் என்ற உணவு விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவர்களும் உண்டு, இறால் சாப்பிட்டுக்கொண்டே சனிக்கிழமை மால் சுற்றுகிறவர்களும் உண்டு. அதனால் நேராகவே கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை வண்டியில் ஏறுவீர்களா? வெளியே சாப்பிடுவீர்களா, எங்கே சாப்பிடுவீர்கள்? கோயில், மசூதிக்குள் வருவீர்களா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் போதும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், கேட்காமல் ஏற்பாடு செய்வதுதான் அவர்களைச் சங்கடத்தில் விடும்.

தங்கும் இடம் வாட்டர்லூ ஸ்ட்ரீட், பென்கூலன், பிராஸ் பசா பக்கம் இருந்தால் மிக நல்லது. மகேன் அபோத் என்ற யூத ஜெப ஆலயம் அங்கேதான் இருக்கிறது, வெள்ளி இரவும் சனி காலையும் நடந்தே போய் வரலாம். ஹோட்டல் புக் செய்யும்போதே கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் அறை கேட்டு வாங்குங்கள். இப்போது பெரும்பாலான ஹோட்டல்களில் கார்டு சாவிதான், பல இடங்களில் லிஃப்டுக்கும் கார்டு தட்ட வேண்டும். சனிக்கிழமை ஊழியர் யாராவது கதவைத் திறந்துவிட முடியுமா என்று வரவேற்பில் முன்னாலேயே பேசி வைத்துவிட்டால் அவர்கள் அன்று அறைக்கு வெளியே நிற்க வேண்டி வராது.

அப்புறம் இடங்கள். விருந்தாளி வந்தால் மரினா பே, செந்தோசா, ஆர்ச்சர்ட் ரோடு என்று மூன்றையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். அவர்களுடைய ஆட்கள் இங்கே வாழ்ந்து கட்டிய தெருக்கள் நம் டேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, நடக்கும் தூரத்தில் இருக்கும்போது அதைக் காட்டாமல் விடுவது எனக்கு மனசே ஆறாத விஷயம். ஒரு காலை நேரம் போதும், காலில் நல்ல செருப்பு இருந்தால் போதும்.

பிராஸ் பசா ரயில் நிலையத்தில் இறங்கி வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள். மகேன் அபோத் 1878-இல் திறக்கப்பட்டது, தென்கிழக்காசியாவில் இன்றும் இருக்கும் ஜெப ஆலயங்களில் மிகப் பழையது. பாக்தாத்திலிருந்து பம்பாய், கல்கத்தா வழியாக வியாபாரத்துக்கு வந்த யூதர்கள் கட்டியது. உள்ளே வேதம் வாசிக்கும் மேடை கூடத்தின் நடுவில் இருக்கும், பெண்களுக்கு மாடியில் இடம். பாதுகாப்பு கடுமை, சும்மா போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விட மாட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வரும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கூடவே நீங்களும் உள்ளே போக நினைத்தால் உங்கள் பெயரையும் சேர்த்தே பதியச் சொல்லுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், கை கால் மறைக்கும் உடை போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியே இருக்கும் ஜேக்கப் பாலாஸ் மையத்தில் சிங்கப்பூர் யூதர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது, 2021-இல் திறந்தார்கள். அதற்கும் சேர்த்தே முன்பதிவு கேட்டுவிட்டால் ஒரே வேலையாக முடியும்.

வெளியே வந்ததும் அதே தெருவில் நேராக நடந்தால் கிருஷ்ணன் கோயிலும் அதன் பக்கத்திலேயே குவான் இம் கோயிலும் வரும். சீனப் பாட்டிமார்கள் குவான் இம்மை வணங்கிவிட்டு அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலுக்கு வந்து ஊதுபத்தி செருகிக் கும்பிட்டுப் போவதை அங்கே நின்று பார்க்கலாம். வெளியூரிலிருந்து வருகிற யாரும் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்ட மாட்டார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் ஒன்று, யூத மதத்தில் உருவ வழிபாடு கூடவே கூடாது. கடைப்பிடிக்கிறவர்கள் கோயிலுக்குள் வர மறுத்தால் அது நம் சாமிக்குச் செய்யும் அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நின்று கோபுரத்தைக் காட்டுங்கள், போதும். விபூதி, பிரசாதம், சாமிக்குச் சாத்திய பூ எதையும் கையில் கொடுக்காதீர்கள், வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள்.

அங்கிருந்து மிடில் ரோடு, ஷார்ட் ஸ்ட்ரீட், சிலிகி ரோடு மூன்றும் கூடும் மூலைக்கு வாருங்கள். டேவிட் எலியாஸ் கட்டிடம், 1928. அண்ணாந்து பார்த்தால் முகப்பில் யூதர்களின் அடையாளமான ஆறு முனை நட்சத்திரம் தெரியும். தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களில் பலர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் குடியிருந்த பகுதிதான். சிலிகி ரோட்டிலேயே நேராக நடந்தால் புக்கிட் தீமா ரோடு முனையில் வளைந்த முகப்போடு எலிசன் கட்டிடம், 1924. இதைக் கட்டிய ஐசக் எலிசனும் யூதர்தான், இங்கேயும் நட்சத்திரம் உண்டு. போட்டோ எடுக்க எதிர்ப்பக்கம் நின்றால்தான் முழுக் கட்டிடமும் அடங்கும்.

சாலையைத் தாண்டினால் டேக்கா. சிராங்கூன் ரோட்டில் நடந்து வீரமாகாளியம்மன் கோயில் வரைக்கும் போங்கள், பக்கத்தில் பெலிலியோஸ் என்று தெருப்பலகை தெரியும். அந்தப் பெலிலியோஸ் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர், மாட்டு வியாபாரி. நம் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறியதற்கு மாட்டு வியாபாரம் பெரிய காரணம், பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு (மலாயில் கெர்பாவ் என்றால் எருமை) என்ற பெயர்கள் எல்லாம் அதன் மிச்சம்தான். அந்தத் தெருப்பலகை முன்னால் நின்று அவர்களை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தம்பதிக்கு மரினா பேயைவிட இந்தப் பலகைதான் பிடித்துப்போனது, அந்த அம்மா கையால் எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வழியில் டேவிட் மார்ஷலைப் பற்றிச் சொல்லுங்கள். 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர் பாக்தாத் யூத வம்சத்தவர் என்பது வெளியூர் யூதர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1922-இல் ஐன்ஸ்டீன் ஜப்பான் போகும் வழியில் இங்கே இறங்கி, எருசலேமில் தொடங்கவிருந்த ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்காக இங்கிருந்த பெரும் பணக்கார யூத வியாபாரி மனாசே மேயரிடம் நன்கொடை கேட்டதும் அப்படித்தான். அந்த மேயர் தன் சொந்த நிலத்தில் 1905-இல் கட்டிய இன்னொரு ஜெப ஆலயம், செசெட் எல், ஆக்ஸ்லி ரைஸில் இருக்கிறது. காத்தோங் பக்கம் மேயர் ரோடும் அவர் பெயரில்தான்.

இப்போது ஷாப்பிங். டேக்கா பக்கம் வந்தாயிற்று, அதனால் இங்கிருந்தே தொடங்கலாம். ஓய்வுநாள் முடியும் சனி இரவில் அவர்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும், பின்னிய மெழுகுவர்த்தி ஏற்றி, வாசனைப் பொருள் நிறைந்த ஒரு சிமிழை ஒருவர் மாற்றி ஒருவர் முகர்ந்து பார்ப்பார்கள். அந்தச் சிமிழுக்குள் போவது கிராம்பு, பட்டை, ஏலக்காய்! மளிகைக் கடையில் நல்ல மொட்டுக் கிராம்பாகப் பொறுக்கி வாங்கிக் கொடுங்கள். கிராம்பின் தலையில் உருண்டை உதிராமல் இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். பொடி வாங்காதீர்கள், வாசனை சீக்கிரம் போய்விடும். இதைவிடச் சரியான பரிசு இந்த ஊரில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டுத்துணியும் நல்ல யோசனை, வெள்ளி இரவு ரொட்டியை மூடிவைக்கும் துணி தைத்துக்கொள்வார்கள். சாமி உருவம் நெய்த பார்டர் மட்டும் வேண்டாம். பித்தளைப் பிள்ளையார், நடராஜர் எல்லாம் அழகுதான், ஆனால் இவர்களுக்கு வேண்டாம். டபரா செட் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், அதிலும் ஒரு விஷயம்: புதிதாக வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை உபயோகிக்கும் முன் மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முக்கி எடுப்பது அவர்கள் வழக்கம். விலை ஸ்டிக்கர், பசை எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் சுலபமாக உரியும் ஸ்டிக்கர் ஒட்டியதாகப் பார்த்து எடுங்கள், நீங்களே சுத்தமாக உரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

துணிக்கும் சென்ட்டுக்கும் அரப் ஸ்ட்ரீட். பத்திக் துணி மேசைவிரிப்புக்கு நன்றாக இருக்கும். கோட்டு தைக்கக் கொடுப்பதாக இருந்தால் கம்பளி நூலும் லினன் நூலும் ஒரே உடுப்பில் கலக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டு. துணி மட்டும் பார்த்தால் போதாது, காலருக்குள் வைக்கும் கஞ்சித்துணி என்ன நூல் என்றும் தையல்காரரிடம் கேளுங்கள். பருத்தி, பட்டு என்றால் கவலையே இல்லை. முஸ்தபா சென்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம், மீதி எல்லாம் அங்கே முடிந்துவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் என்றால் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா பக்கம் வராதீர்கள், வேலைக்கு வந்த தம்பிமார்களுக்கு அன்றுதான் லீவு.

சாப்பாடு. ஹலால் என்றால் அவர்களுக்கும் சரி என்று நினைத்துக்கொள்கிறோம், அது இல்லை. அறுக்கும் முறை வேறு, இறைச்சியும் பாலும் சேரக் கூடாது, செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கூடாது, இறால் நண்டு கூடவே கூடாது. உணவங்காடியில் சம்பல் என்றாலே பெலாச்சான் இருக்கும், அது இறால்தான். கொஞ்சம் தளர்வாக இருப்பவர்கள் சைவ உணவகத்தில் தோசை சாப்பிடுவார்கள். கண்டிப்பானவர்கள் அதையும் சாப்பிட மாட்டார்கள், ஏனென்றால் சட்டி பானையும் சமைக்கும் ஆளும்கூட அவர்கள் கணக்கில் வரும். ஜேக்கப் பாலாஸ் மையத்தில் கோஷர் சாப்பாட்டுக்கு, அதாவது அவர்கள் விதிப்படி செய்த சாப்பாட்டுக்கு, வழி உண்டு, நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேரங்காடியில் இறக்குமதி பாக்கெட்டுகளில் வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து போட்டிருந்தால் கோஷர் சான்று பெற்றது என்று பொருள்.

வீட்டுக்கு வந்தார்கள் என்றால் இலை போட்டுப் பதினாறு வகை சமைத்து வற்புறுத்தாதீர்கள், தயவுசெய்து. நறுக்காத முழுப் பழங்கள் தாராளமாக வையுங்கள். மங்குஸ்தீன், ரம்புத்தான், டூகு எல்லாம் அவர்களுக்குப் புதிது, புதுப் பழம் வாயில் வைக்கும்போது சொல்வதற்கென்றே ஒரு வாழ்த்து அவர்களிடம் இருக்கிறது. மங்குஸ்தீனை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிளக்கக் காட்டிக் கொடுங்கள், கத்தியே தேவையில்லை. டுரியான் வாங்கினால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ரயிலில் ஏற்ற முடியாது.

சனிக்கிழமை நடக்கும் தூரத்துக்குள் ஃபோர்ட் கேனிங் பூங்கா, சிங்கப்பூர் ஆற்றங்கரை இரண்டும் போதும், டிக்கெட் கிடையாது. சிலர் அன்று தெருவில் கையில் எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், தண்ணீர் பாட்டில்கூட. இந்த வெயிலில் அது லேசான காரியம் இல்லை, காலையிலேயே போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். சிக்னலில் பொத்தானை அவர்கள் தொட மாட்டார்கள், நீங்கள் கடக்க வேண்டும் என்று நீங்களே அமுக்குங்கள், “அமுக்கட்டுமா?” என்று கேட்டு அவர்களைப் பதில் சொல்ல வைக்க வேண்டாம்.

வேறொரு நாள் தாவரவியல் பூங்கா. அங்கே ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது, இங்கே பங்குச் சந்தைத் தலைவராக இருந்த யூதரின் பெயர். குழந்தை கூட வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள், உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மரினா பே சாண்ட்ஸ் போகும்போது அதை வடிவமைத்த மோஷே சஃப்டி ஹைஃபாவில் பிறந்தவர் என்று சொன்னால் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். விமான நிலையத்தில் இருக்கும் ஜூவலும் அவர் வேலைதான்.

கடைசியாக வரி. பொருள் சேவை வரி இப்போது 9 சதவீதம், திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினால் சுற்றுப்பயணிக்குத் திருப்பிக் கிடைக்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீது வரை சேர்த்து 100 வெள்ளி காட்டலாம். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அதனால் ஷாப்பிங் நாளில் அது ஹோட்டல் பெட்டகத்தில் இருக்கக் கூடாது. சாங்கியில் பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன் வரி இயந்திரத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும், பட்டும் டபராவும் பெட்டியோடு உள்ளே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சனி இரவு விமானமாக இருந்தால் ஓய்வுநாள் முடிந்து, பெட்டி கட்டி, டாக்சி பிடித்து, இந்த வரிசையிலும் நிற்க நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். ஞாயிறு விமானம்தான் நிம்மதி.