ஆறு என்று நினைத்து இறங்குங்கள்: காட்டு ஏரிகளில் கயாக் முகாம் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு ஒரு யோகம் உண்டு. கோலகங்சார் தாண்டி கிரிக் போகும் சாலையைப் பிடித்தால், பேராக் ஆற்றின் மேல் அடுத்தடுத்து நான்கு நீர்த்தேக்கங்கள். கீழே செண்டெரோ, அதற்கு மேலே கெனரிங், பெர்சியா, எல்லாவற்றுக்கும் மேலே தெமெங்கோர். சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மாலைக்குள் ஆள் அரவமில்லாத ஒரு கரையில் கூடாரம் அடித்துவிடலாம். நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் இருக்கும் பிள்ளைகள் இப்போது இணையத்தில் காற்றடிக்கும் கயாக் வாங்கி, நாலைந்து பேராகச் சேர்ந்து கிளம்புகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். வார இறுதியைப் பேரங்காடியில் கழிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அவர்கள் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நின்ற நீர் என்று நம்புவது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. தோட்டத்துக் குளத்திலும் ஈயக் குட்டையிலும் நீச்சல் பழகியவர்கள் நாம். அந்த நீர் நேற்று எங்கே நின்றதோ இன்றும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். நீர்த்தேக்கம் அப்படி இல்லை. மேலே ஓர் அணை திறந்துவிடுகிறது, கீழே ஓர் அணை மின்சாரத்துக்காக நீரை இழுக்கிறது. 1930-இல் இருந்து மின்சாரம் தரும் செண்டெரோவைப் பார்க்க அகலமாக, சாதுவாகத் தெரியும். ஆனால் அது அணை கட்டித் தடுத்த பேராக் ஆறுதான். கெனரிங்கில் திறந்துவிட்டால் அதன் மேல்பகுதியில் ஓட்டம் வரும், மட்டமும் மாறும்.

கரை சேர்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நீர் தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி நீருக்குள் நின்றால் கூடாரத்தை அப்போதே மேலே தூக்குங்கள், விடியட்டும் என்று விடாதீர்கள். குச்சி அசையாமல் கரையில் நின்றாலும் கயாக்கை நன்றாக மேலே இழுத்து, உயிருள்ள மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ஆள் இல்லாத கரையில் கயாக் மிதந்து போய்விட்டால் நடந்து திரும்ப வழி கிடையாது.

அடுத்தது, ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில் தங்குவது. முதல் தடவை போகிறவர்கள் எல்லாருக்கும் அந்த இடம்தான் கண்ணில் படும். தட்டையாக மணல் இருக்கும், தெளிந்த தண்ணீர் பக்கத்திலேயே ஓடும், படம் எடுத்தாலும் அழகாக விழும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கெப்பாலா ஆயர் என்று நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம், ஆனால் அதை அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களின் ஆபத்து என்றே நினைத்துக்கொள்கிறோம். மலையில் பெய்யும் மழைக்கு ஓடை வாய்தான் வடிகால். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளிறிக் கிடக்கும், ஒரு துளி விழாது, ஆனால் மேலே எங்கோ கொட்டிய மழை ஒரேயடியாக இறங்கி வரும். அதற்கு முன்னால் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும். ஓடையின் சத்தம் மாறும். இதில் ஒன்றைக் கண்டாலும் சாமானைப் பார்க்காதீர்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

எங்கே தங்கலாம் என்பதைக் கரையே சொல்லும். புதர்களைக் கவனியுங்கள். காய்ந்த இலை, நார், சின்னக் கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில் சிக்கி வரிசையாகத் தொங்கும். பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அந்த வரிக்கு மேலேதான் கூடாரம். அங்கே தரை சரிவாக இருந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டி, மேலே ஒரு கான்வாஸ் இழுத்துவிடுங்கள். நம் காடுகளுக்குக் கூடாரத்தைவிடத் தூளிதான் தோது என்பது என் கருத்து. கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்கவும் மறக்கக் கூடாது. பட்ட மரமோ உளுத்த கிளையோ மேலே இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

மதியம் துடுப்புப் போடுவது

காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். அதைப் பார்த்து மெதுவாகக் கிளம்பலாம் என்று தோன்றும். மதியம் தாண்டினால் காற்று எழும்பும், இடி மழை வரும். தெமெங்கோரில் பாண்டிங் பக்கம் இருக்கும் பெரிய திறந்த நீர்ப்பரப்பில் காற்றுக்குத் தடையே இல்லை. காற்று எவ்வளவு தூரம் நீர்மேல் ஓடுகிறதோ அலை அவ்வளவு உயரும். சுமை ஏற்றிய கயாக்குக்கு அந்த அலை அதிகம். ஆகவே விடிந்ததும் துடுப்பைப் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கரை சேர்ந்துவிடுங்கள். குறுக்கே வெட்டிப் போகாமல் கரையோரமாகவே போங்கள். தூரம் கூடினால் கூடட்டும். இடி கேட்டால் தண்ணீரில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பரப்பில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது நீங்கள்தான். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

தெமெங்கோரிலும் திரெங்கானுவில் இருக்கும் கென்யிரிலும் இன்னொன்று இருக்கிறது. காட்டை மூழ்கடித்து உண்டான ஏரிகள் இவை. 1985-இல் அணை முடிந்த கென்யிரில் அன்றைய மலையுச்சிகள்தான் இன்று முந்நூற்றுச் சொச்சம் தீவுகள். மூழ்கிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர் இறங்கும் மாதங்களில் அவற்றின் முனைகள் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே இருக்கும், வெயில் பளபளப்பில் தெரியாது. காற்றடிக்கும் கயாக் வைத்திருப்பவர்கள் அங்கே வேகம் எடுக்கவே கூடாது. ஒட்டுப் போடும் பொருள்களும் பம்பும் கையோடு இருக்க வேண்டும். கரையேறியதும் கயாக்கை உச்சி வெயிலில் போட்டுவிட்டுச் சமைக்கப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடேறி விரிந்து தையல் பிளந்துவிடும். கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு நிழலில் இழுத்துப் போடுங்கள். மறுபடி நீரில் இறக்கும்போது அடித்துக்கொள்ளலாம்.

அடுப்படியையே ஏற்றுவது

நமக்கு வெளியில் போனால் நன்றாகச் சாப்பிட வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் அரிசி, கேஸ் அடுப்பு, சட்டி, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் ஒரே கயாக்கில் ஏறும்போது விளிம்புக்கும் நீருக்கும் இடையே நாலு விரல்கூட மிஞ்சாது. கயாக் தாங்கும் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். ஆட்களின் எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கனமானவை அடியில், நடுவில் போக வேண்டும். துணியும் போனும் நீர் புகாத பையில். கோழியை வீட்டிலேயே மசாலா தடவி வாட்டி எடுத்துப் போனால் பாதிச் சுமை குறையும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "எனக்கு நீச்சல் தெரியும்ணே" என்று சொல்லி அதைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்காருபவனைத்தான் நான் அதிகம் பயந்து பார்க்கிறேன். கவிழும்போது தலையில் அடிபடலாம், தசை பிடித்துக்கொள்ளலாம். அப்போது நீச்சல் உதவாது. போட்ட பிறகு தோள் பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு, இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம், கிளம்பும் முன் இடுப்பளவு நீரில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். நடு ஏரியில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது. கவிழ்ந்தால் கயாக்கை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பீரையும் சம்சு எனும் மலிவுச் சாராயத்தையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும். தண்ணீரில் இருக்கும்போதும் வேண்டாம், இரவில் நீர்க்கரையில் தங்கும்போதும் வேண்டாம். நம்மவர்களை நீரிடம் இழந்த வீடுகள் நமக்குத் தெரியாதவையல்ல.

எடுத்த எடுப்பில் தெமெங்கோர்

ஏரியைத் தேர்வதிலேயே பலர் தவறுகிறார்கள். பழகாதவர்களுக்கு என் பரிந்துரை லெங்கோங் பக்கம் இருக்கும் ரபான். அது செண்டெரோ நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. பக்கத்தில் கம்போங் உண்டு, கூப்பிட்டால் ஆள் வரும். இரண்டு மூன்று முறை அங்கே இரவு தங்கிப் பழகிய பிறகு மேலே போகலாம். தெமெங்கோரில் பெரும்பாலான இடங்களில் போன் எடுக்காது. எந்தக் கரையில் தங்குவீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது பகாங்கில் இருக்கும் பெரா ஏரி. அது அணையால் வந்ததல்ல, இயற்கையாகவே உள்ள சதுப்பு ஏரி. 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தண்ணீர் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் இருக்கும். அது அழுக்கு இல்லை, இலை ஊறிய சாயம். ஆனாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. ராசாவ் எனும் நீர்த்தாழைப் புதர்களுக்கு நடுவே வழிகள் பின்னிப் பின்னிப் போகும், எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே தெரியும். வறட்சியில் நீர் இறங்கினால் சில வழிகள் அடைபடும். அங்கே வழி தெரிந்தவர்கள் செமெலாய் பூர்வகுடி மக்கள். அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது நியாயமும்கூட. அது அவர்களின் ஊர்.

ஆள் இல்லாத இடம் என்பதால் கேட்பாரில்லாத இடம் என்று நினைத்துவிடக் கூடாது. தெமெங்கோர் கரையில் தெமியார், ஜகாய் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்கள் தோட்டமோ இடுகாடோ உங்கள் கண்ணுக்கு வெறும் மேடாகத் தெரியலாம். முதலில் போய்க் கேளுங்கள். 2007-இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வந்த ரோயல் பெலுமுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, அதை முன்கூட்டியே பேராக் மாநிலப் பூங்காக் கழகத்திடம் வாங்க வேண்டும். மற்ற வனக் காப்பிடங்களுக்கு வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

காலமும் முக்கியம். நம்மவர்கள் தீபாவளி நீண்ட விடுமுறைக்குத்தான் திட்டம் போடுகிறார்கள். பேராக் உட்பகுதியில் அக்டோபரும் நவம்பரும் மழை கொட்டும் மாதங்கள். கென்யிருக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை போகவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை நேராக அங்கேதான் இறங்கும். பேராக் ஏரிகளுக்குச் சீனப் பெருநாள் விடுமுறை எவ்வளவோ தேவலை.

யானையும் தோமானும்

அகலமாக மிதித்த பாதை, புதிய சாணம், உப்பு மண் இருக்கும் ஈர நிலம், இந்த மூன்றில் எது இருந்தாலும் அங்கே தங்காதீர்கள். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம், கரைப் புல்லுக்கு மாலையில் இறங்கும். வாழைப்பழத்தையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. நீரில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளித்தால் அங்கே குளிக்க இறங்காதீர்கள். அடியில் தாய்த் தோமான் மீன் காவல் நிற்கும், காலைக் கடித்துவிடும்.

காய்ச்சலை டெங்கி என்றே நினைப்பது

இது வீடு திரும்பிய பிறகு செய்யும் தவறு, அதனால்தான் யாரும் பேசுவதில்லை. 2010-இல் பகாங் மாறானில் லுபுக் யூ எனும் நீர்விளையாட்டு இடத்தில் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கியவர்களில் சிலர், நீரிலும் மண்ணிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி தொற்றி இறந்துபோனார்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக் காய்ச்சலும் அங்கே கண்டறியப்பட்டது. காலில் வெட்டுக் காயமோ புண்ணோ இருந்தால் நீர் படாமல் மூடுங்கள், சேற்றில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியாவும் நம் நாட்டுக் காடுகளில் உண்டு. மாலை மங்கியதும் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, வலை போட்ட தூளி, மூன்றும் வேண்டும்.

போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் பனாடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் டெங்கி சோதனை எடுத்து, இல்லை என்று வந்தாலும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த ஏரி, எந்தத் தேதி, காட்டில் எத்தனை இரவு, நீரில் இறங்கினீர்களா, காலில் காயம் இருந்ததா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.