உள்ளேயே ப்ரீஆம்ப் உள்ள டர்ன்டேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) வாங்கக் கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'ஃபோனோ' என்று எழுதிய ஜோடி சாக்கெட்டும், எர்த் ஒயர் மாட்ட ஒரு சின்னத் திருகும் இருந்தால் உங்களுக்குத் தனியாக ப்ரீஆம்ப் (டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைக் கூட்டித் தரும் சர்க்யூட்) தேவையில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த ஆம்ப், ஹோம் தியேட்டர், பவர்டு ஸ்பீக்கர் போன்றவற்றில் பெரும்பாலும் ஆக்ஸ் (சாதாரண ஆடியோ சாக்கெட்) மட்டும்தான் இருக்கும். அங்கே ப்ரீஆம்ப் இல்லாமல் வேலை நடக்காது.

காரணம் இதுதான். முள்ளின் அசைவைச் சிக்னலாக மாற்றும் பாகம் கார்ட்ரிட்ஜ். இன்று அதிகம் விற்கும் எம்.எம். (காந்தம் அசையும்) வகை கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸ் சாக்கெட் எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். இந்த இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு, கூட்ட வேண்டும். இன்னொரு வேலையும் உண்டு. ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியே வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே விட்டால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். 1954 முதல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரெக்கார்டிங் துறைச் சங்கம்) அளவுப்படி 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். ப்ரீஆம்ப் இதைத் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது.

இது தெரிந்தால், கோளாறை ஒலியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பாட்டு மெலிதாக, தகரம் போல ஒலித்து, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லையென்றால், ஃபோனோ சிக்னல் நேராக ஆக்ஸுக்குப் போகிறது. மாறாக எல்லாம் கரகரத்து, பேஸ் ஊதிப்போய், வால்யூமைத் தொட்டாலே அலறினால், இரண்டு ப்ரீஆம்ப் வரிசையாக வேலை செய்கின்றன. டர்ன்டேபிள் 'லைன்' (உள் ப்ரீஆம்ப் வேலை செய்யும்) நிலையில் இருக்க, ஒயரை ஆம்ப்பின் ஃபோனோவில் செருகியிருப்பீர்கள்.

எனவே முதல் நிபந்தனை: ஃபோனோ, லைன் என்று மாற்றும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் ப்ரீஆம்ப் பெரும்பாலும் மலிவான சர்க்யூட்தான். தொடங்குவதற்கு அது போதும். பிறகு நல்ல வெளி ப்ரீஆம்ப் வாங்கும்போது உள்ளே இருப்பதை அணைக்க முடியாவிட்டால் அந்தச் செலவு வீண். இந்த உள் ப்ரீஆம்ப்கள் அநேகமாக எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு மட்டுமே. அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தரும் எம்.சி. (கம்பிச்சுருள் அசையும்) வகைக்கு அவை போதாது.

ஆனால் ப்ரீஆம்ப்பை விட, முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ரெக்கார்டைக் காப்பதும் கெடுப்பதும் அதுதான். பெட்டி வடிவில், ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் மலிவு பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். 5 கிராமுக்கு மேலும் அழுத்தி ஓடுபவை அதில் உண்டு. தாத்தா சேர்த்துவைத்த இ.பி.க்களை (சின்ன ரெக்கார்டுகளை) அதில் போடாதீர்கள். தேய்ந்த பள்ளம் திரும்பி வராது.

அதற்கு மேல் இரண்டு வழி. ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற முழு ஆட்டோமேட்டிக் மாடலில் பட்டனை அழுத்தினால் முள் தானே இறங்கி, முடிந்ததும் தானே திரும்பும். முள்ளை மட்டும் மாற்றலாம். கார்ட்ரிட்ஜையோ முள் அழுத்தும் எடையையோ மாற்ற முடியாது. நிமிடத்துக்கு 33, 45 சுற்று என இரண்டு வேகம் மட்டுமே. சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி அதே வகை. கூடவே புளூடூத் உண்டு, ப்ரீஆம்ப்பின் கெய்னை (சிக்னலைக் கூட்டும் அளவை) மூன்று நிலைகளில் மாற்றலாம். ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி கையால் இயக்குவது. எதிரெடை (முள்ளின் அழுத்தத்தை அமைப்பது), ஆன்டி-ஸ்கேட் (டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுப்பது), கழற்றி மாற்றும் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் பொருந்தும் முனை), 78 வேகம் எல்லாம் அதில் உண்டு. பட்ஜெட் இடம்கொடுத்தால் இதைத்தான் சொல்வோம். கூம்பு முனை முள் தட்டின் உள்வட்டத்தை நெருங்கும்போது 'ஸ', 'ச' எழுத்துகள் சீறத் தொடங்கும். எலிப்டிகல் (நீள்வட்ட முனை) முள்ளுக்கு மாறினால் அது கணிசமாகக் குறையும். அப்படி மாற வழியுள்ள கருவியே நெடுநாள் உழைக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும். நம் 50 ஹெர்ட்ஸை மாற்றாது. உள்ளே ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் (ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் மாறுவது) இருந்தால் 33⅓க்குப் பதில் 28 சுற்றுதான் ஓடும், எம்.எஸ். குரலே வேறொருவர் குரலாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். டி.சி. மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கும் சுழல்தட்டு) ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 33⅓இல் சரியாக மூன்று நிமிடம் எண்ணுங்கள்: 100 சுற்று வர வேண்டும். 45இல் இரண்டு நிமிடத்துக்கு 90. முள்ளை இறக்கி, ரெக்கார்டு ஓடும்போதே எண்ணினால்தான் தளர்ந்த பெல்ட் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் வைக்கச் சுவரில் பதித்த கடப்பாக் கல் தட்டு அருமையான இடம். ஸ்பீக்கரை அதே தட்டில் வைக்காதீர்கள், அதிர்வு முள்ளுக்குத் திரும்பி ஊளையிடும். ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். எதிரெடை உள்ள மாடலில் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, முள் மூடியைக் கழற்றி, டோன்ஆர்ம் எந்தப் பக்கமும் சாயாமல் மிதக்கும்வரை எடையைச் சுழற்றுங்கள். பிறகு எடையை அசைக்காமல், எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, இரண்டையும் சேர்த்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பியோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆன்டி-ஸ்கேட்டும் 2. எடை கூடினால்தான் ரெக்கார்டு தேயும் என்று நினைத்துக் குறைக்காதீர்கள். குறைந்தால் முள் பள்ளத்தில் துள்ளி இன்னும் அதிகமாகச் சிதைக்கும்.

'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். அடுத்து, ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டர்ன்டேபிளைத் தள்ளி வையுங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் ஆர்.சி.ஏ. பின்கள் (ஆம்ப்பில் செருகும் ஒயர் முனைகள்) கறுக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பின்களைக் கழற்றி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள்.

அந்த ஆல்கஹாலைப் பழைய 78 தட்டுகளில் மட்டும் தொடவிடாதீர்கள், அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும். 78 வேகம் இருந்தால் மட்டும் அவற்றைப் போட்டுவிட முடியாது. எல்.பி. (33⅓ வேகத் தட்டு) முள் அந்த அகலமான பள்ளத்தின் அடியில் உரசும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள தனி முள் வாங்குங்கள். 1954க்கு முந்தைய தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுப்படி வெட்டப்பட்டவை அல்ல. உள் ப்ரீஆம்ப் வழியே அவை கொஞ்சம் மந்தமாகக் கேட்டால், ஆம்ப்பில் ட்ரெபிளைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.