ஜெர்மனிக்கு வந்தாயிற்று, பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வருகிற நம்மவர்களின் பெட்டியில் மூன்று பொருள்கள் தவறாமல் இருக்கும். பிரஷர் குக்கர், அம்மா அரைத்துக் கொடுத்த பொடிகள், பி.இ. முதல் வருடம் வாங்கிய லேப்டாப். முதல் இரண்டும் வருடக்கணக்கில் உழைக்கும். மூன்றாவதுதான் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே படுத்துக்கொள்ளும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் புதிதாக வந்த யாராவது என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, புதுசு வாங்கிடலாமா?" என்பதுதான்.

என் பதில்: முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள்.

விசாவுக்காகத் திறக்கும் முடக்கிய கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) வருடத்துக்கு 11,904 யூரோ கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். 900 யூரோ லேப்டாப் என்றால் ஒரு மாதச் சாப்பாடும் தங்குமிடமும் போச்சு. அதோடு, உங்களுக்கு எவ்வளவு சக்தியுள்ள கருவி வேண்டும் என்பது வந்த புதிதில் தெரியவும் தெரியாது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே கணினி அறைகள் இருக்கின்றன. மேட்லேப், ஆன்சிஸ் மாதிரியான மென்பொருள்கள் பல்கலைக்கழக உரிமத்தோடு அங்கே போட்டிருக்கும். பல இடங்களில் வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யலாம். என் ஆய்வேட்டுக் கணக்குகள் எல்லாம் ஓடியது துறையின் கணினியில். என் லேப்டாப் வெறும் ஜன்னல் மாதிரிதான்.

சரி, முதல் மாதம் போயிற்று, லேப்டாப் இன்னும் ஆமை மாதிரி நகர்கிறது. பர்ஸைத் திறப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், வழக்கமாகச் செய்கிற வேலைகளைச் செய்துகொண்டே ஒரு அரைமணி நேரம் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, பக்கத்தில் ஹெச்டிடி என்று போட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2020 வாக்கில் வாங்கிய பல இந்திய லேப்டாப்களில் ஒரு டெராபைட் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால், மூன்று நிமிடம் எழுந்திருக்காத கருவி அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். பழைய லேப்டாப்புக்குச் செய்கிற செலவுகளில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் இரண்டு விதம் உண்டு: ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும் 2.5 அங்குல சாட்டா வகை, சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை. எம்.2 பொருத்துமிடம் இருந்தாலும் சில பழைய கருவிகளில் அது சாட்டாவை மட்டும் ஏற்கும், என்விஎம்இ என்ற வேகமான வகையைப் போட்டால் கண்டுகொள்ளாது. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் முட்டிக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. இங்கே நான் சூடுபட்டவன். 2021-இல் வந்த புதிதில், "8 ஜிபி எப்படிப் போதும்?" என்று ஒரு டிடிஆர்4 ரேமை இணையத்தில் வாங்கிவிட்டேன். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், ரேம் முழுக்கப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தது. செருக இடமே இல்லை. நல்லவேளை, இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. பணம் திரும்பி வந்தது, மானம்தான் போயிற்று. கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு இந்த உரிமை கிடையாது. கடைக்காரர் தாமாக மனமிரங்கினால் உண்டு. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை பொருத்துமிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று ஒரு வரி இருக்கும். அதையும் சர்வீஸ் கையேட்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் எனக்கு அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அப்புறம், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை பயங்கரமாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்கள் எல்லாவற்றையும் விழுங்குகின்றன. பழைய ரேமாகவே தேடிப் பாருங்கள்.

டிஸ்க்கும் மெமரியும் சும்மா இருக்க, விசிறி மட்டும் மிக்ஸி மாதிரி அலறுகிறதா? பெரும்பாலும் தூசிதான். பக்கத்தில் ரிப்பேர் கஃபே எங்கே நடக்கிறது என்று தேடுங்கள். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது ஜெர்மனியின் ஊர்களில் பரவலாக இருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் யாராவது நம்மையும் பக்கத்தில் உட்காரவைத்துத் திருகாணி கழற்றச் சொல்லிக்கொடுப்பார்கள். கூலி கிடையாது, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். கேக்கும் காபியும் இருக்கும். உங்கள் அரைகுறை ஜெர்மனுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இனி, மாற்றவே முடியாத விஷயம் பிராசசர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட, இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. கண்டுபிடிப்பது எளிது: ஐ5-8250யு என்றிருந்தால் முதல் எண் 8, தேறியது. ஐ5-7200யு என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, தேறவில்லை. ஐ5-10210யு மாதிரி ஒன்றில் தொடங்கும் எண் என்றால் முதல் இரண்டைச் சேர்த்துப் படியுங்கள். தேறாத கருவிக்கு ஒரு மூச்சுவிடும் நேரம் உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் வரை இலவசமாகத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். படிக்க, எழுத, வீட்டுக்கு வீடியோ அழைப்பு செய்யத் தாராளம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். உங்கள் தேர்வு மென்பொருள் விண்டோஸ்தான் கேட்குமா என்று மட்டும் முதலில் துறையில் விசாரியுங்கள்.

பேட்டரியை ஊகிக்க வேண்டாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அருகருகே வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். சார்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும், இங்கே 230 வோல்ட்தான். சுவரில் செருகுகிற வயரை மட்டும் சில யூரோவுக்கு மாற்றினால் போதும்.

என் கணக்கு இதுதான்: எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி எல்லாம் சேர்த்து, அதே வேலையைச் செய்யும் ஒரு பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். கீல் உடைந்திருந்தாலோ, பிராசசர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தாலோ கணக்கே வேண்டாம்.

பழையதா என்று முகம் சுளிக்காதீர்கள். இங்கே நிறுவனங்கள் லேப்டாப்களை மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்து, முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிவிடும். அவற்றைச் சுத்தம் செய்து விற்கும் கடைகள் நிறைய. லெனோவோவின் திங்க்பேட் டி480, டெல்லின் லாட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் வரிசைகளைப் பாருங்கள். டி480-இல் ரேமுக்கு இரண்டு இடம், வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி. அழகாக இருக்காது, ஆனால் மாடு மாதிரி உழைக்கும். விசைப்பலகை ஜெர்மன் வகையாகத்தான் பெரும்பாலும் வரும்: ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், மின்னஞ்சலின் அட் குறி க்யூவில் ஒளிந்திருக்கும். அமைப்பில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, விசைகளைப் பார்க்காமல் அடித்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கடையில் வாங்கினால் 'கெவேர்லைஸ்டுங்' என்ற சட்டப் பொறுப்பு உண்டு. புதிய பொருளுக்கு இரண்டு வருடம். பழையதற்குக் கடைக்காரர் அதை ஒரு வருடமாகக் குறைக்கலாம். முதல் பன்னிரண்டு மாதத்தில் கோளாறு வந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். கிளைன்அன்சைகன் என்ற இணைய விளம்பரத் தளத்தில் தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை அவர் ஒரே வரியில் விலக்கிவிடலாம், பெரும்பாலும் விலக்கியும் இருப்பார். விலைக்குப் பக்கத்தில் 'விபி' என்றிருந்தால் பேரம் பேசலாம். 'டிஃபெக்ட்' என்றால் பழுது. 'பாஸ்ட்லர்' என்ற சொல்லைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள், அது கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கானது. நேரில் பகலில் போய், கருவியை அணைத்து எழுப்பி, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் கேட்கிறதா, பழைய நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். முன்பணம் அனுப்பு என்றால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"ஊரிலிருந்து வருகிற மாமாவிடம் புதுசாக ஒன்று சொல்லி அனுப்பலாமே" என்று வீட்டில் யோசனை வரும். விமானத்தில் வருபவருக்கு வரியில்லா வரம்பு 430 யூரோ. ஒரே பொருள் அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் இறக்குமதி வரி. ஊரில் மிச்சம் பிடித்தது விமான நிலையத்தில் போய்விடும். நீங்கள் பயன்படுத்திக்கொண்டே கொண்டுவந்த சொந்த லேப்டாப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால், பழையதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. ஊராட்சியின் 'வெர்ட்ஸ்டாஃப்ஹோஃப்' மையத்தில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். என்னுடையதை நான் அங்கே கொண்டுபோகவில்லை. எஸ்எஸ்டி மாற்றி, லினக்ஸ் மின்ட் போட்டு, எங்கள் விடுதிச் சமையலறையின் அலமாரி மேல் வைத்தேன். இப்போது கூடத் தங்கியிருக்கும் மூன்று பேர் அதில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு ரசம் வைக்கிறார்கள்.