கோல்ஃப் விதிப் பரீட்சை: ஊர்ப் பழக்கம் தின்கிற புள்ளிகள்

சில வாரங்களாக ஞாயிறு பின்னேரங்களில் மூன்று பேர் என்னோடு உட்கார்ந்து கோல்ஃப் விதிகள் படிக்கிறார்கள். இருவர் இளம் ஆட்டக்காரர்கள். மற்றவர் பன்னிரண்டு வருடமாகப் பை சுமக்கும் கெடி. மூவருமே நன்றாக விளையாடத் தெரிந்தவர்கள். ஆனால் மாதிரி வினாத்தாளில் அவர்கள் சறுக்கிய இடங்களைப் பார்த்தபோது, என் பழைய விடைத்தாளையே யாரோ திரும்ப நீட்டியது போல இருந்தது. நேரத்தோடு போக வேண்டும், கேள்வியை முழுதாக வாசிக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. தெரிந்தவர்களையும் விழுத்துகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பழைய புத்தகம்

விதிப் புத்தகத்தின் அட்டையில் 2023 என்று இல்லையென்றால் மூடி வையுங்கள். 2016 புத்தகத்தில் காணாமல் போன பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடம், இப்போது 3. பந்தைக் கையிலிருந்து விழ விடும்போது, முன்பு தோள் உயரத்திலிருந்து விட்டதை இப்போது முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

ஊர்ப் பழக்கத்தை விடையாக எழுதுவது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பொரளைப் பக்கத்து ரோயல் கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை ஓடுவது இங்கே கோல்ஃப் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியான ஊரில் ஆட்டம் பழகியவன் நான். தண்டவாளமோ வீதியோ மதிலோ, தாண்டிப் போன பந்து போனதுதான் என்பது மனதில் ஊறிவிட்டது. பரீட்சையில் வந்த கேள்வி இதுதான்: மைதானத்தை ஒரு பொது வீதி இரண்டாகப் பிரிக்கிறது, வீதி எல்லைக்கு வெளியே. அடித்த பந்து வீதிக்கு மேலால் பறந்து, மறுபக்கத்தில் மைதானத்துக்குள்ளேயே நிற்கிறது. அடுத்து என்ன?

ஒரு பெனால்டி (கணக்கில் கூடும் ஓர் அடி), அடித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யோசிக்காமலே எழுதினேன். பிழை. பந்து எங்கே பறந்தது என்று விதி 18.2 கேட்பதில்லை, எங்கே நிற்கிறது என்றுதான் கேட்கிறது. முழுப் பந்தும் எல்லைக்கு வெளியே கிடந்தால்தான் அது வெளியே. இந்தப் பந்தைக் கிடந்தபடியே அடிக்கலாம், பெனால்டி கிடையாது. வீதியைத் தாண்டினால் வெளியே என்று ஒரு குழு தன் மைதானத்துக்கு லோக்கல் ரூல் போடலாம், அதற்கு மாதிரி வாசகமும் இருக்கிறது. ஆனால் கேள்வியில் லோக்கல் ரூல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேள்வியில் சொல்லப்படாத லோக்கல் ரூல் அந்தக் கேள்விக்கு இல்லவே இல்லை.

எரிச்சல் எதற்கென்றால், அந்த விதியை முந்தின இரவுதான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தேன். தெரியாமல் பிழைவிட்டிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. அதோடு இந்தப் பழக்கம் ஒரு கேள்வியோடு நிற்பதுமில்லை. மழைக்காலத்தில் ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல்தரையில்) பந்தை எடுத்துத் துடைத்து வைப்பதற்கு லோக்கல் ரூல் இருக்கும். மாதக்கணக்கில் அப்படி ஆடியவனுக்கு அது இயல்பாகவே ஆகிவிடும். பரீட்சையிலோ, லோக்கல் ரூல் எதுவுமில்லாமல் ஒருவர் ஃபேர்வேயில் பந்தைத் துடைத்து அதே இடத்தில் வைத்தால், விதி 9.4இன் கீழ் ஒரு பெனால்டி. மழை பெய்த நிலத்திலும் இதே கதை. காலடியில் சேறு பிதுங்கினால் தற்காலிகத் தண்ணீர், பெனால்டி இல்லாமல் பந்தை நகர்த்தலாம் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். வரைவிலக்கணம் அதை ஏற்பதில்லை. காலை அளவுக்கு மிஞ்சி அழுத்தாமல், நிற்பதற்கு முன்னோ நின்ற பின்போ தேங்கிய தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

காகமும் விட்டுவைக்கவில்லை. "காகம் தூக்கியிருக்கும்" என்று சொல்லிப் புதுப்பந்து வைத்து ஆடுவது கொழும்பில் சாதாரணம். விதிக்கு அந்த "இருக்கும்" போதாது. தூக்கியது தெரிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது 95 வீதம் நிச்சயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தொலைந்த பந்து.

அந்தத் தடவை சில புள்ளிகளால் நான் சித்தியடையவில்லை. அப்புறம் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன்: விடையைத் தொடுவதற்கு முன் விதி இலக்கத்தை ஓரத்தில் எழுதுவது. இலக்கம் வரவில்லையென்றால் எனக்குள் இருந்து பேசுவது விதியல்ல, ஊர்ப் பழக்கம்தான். இப்போது அந்த மூவரையும் இதைத்தான் செய்ய வைக்கிறேன். ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

மெட்ச் பிளேயா, ஸ்ட்ரோக் பிளேயா?

குழிக்குக் குழி வெல்லும் மெட்ச் பிளேயா, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயா என்று கேள்வியில் பென்சிலால் வட்டமிட்ட பிறகுதான் மிச்சத்தை வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் "வைப்பது" என்று மொழிபெயர்ப்பது

பரீட்சை ஆங்கிலத்தில், யோசிப்பது தமிழில். இதில் ஒரு குழி இருக்கிறது. ரீபிளேஸ் (இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது), பிளேஸ் (ஓர் இடத்தில் வைப்பது), டிரொப் (கையிலிருந்து விழ விடுவது) என்று மூன்று சொற்கள். "மூண்டும் பந்தை நிலத்தில விடுறதுதானே அண்ணா?" என்று கெடித் தம்பி கேட்டார். இல்லை. யார் செய்யலாம் என்பதே மாறுகிறது. டிரொப் செய்ய வேண்டியவர் ஆட்டக்காரர் மட்டும். ரீபிளேஸ் என்றால் ஆட்டக்காரர் வைக்கலாம், அல்லது பந்தை எடுத்தவர், அதை அசைத்தவர் வைக்கலாம்.

கிரீனில் (குழி இருக்கும் புல்தரையில்) ஆட்டக்காரர் தானே பந்தை எடுத்துத் துடைத்துவிட்டு, கெடியிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறார், பிறகு அடிக்கிறார் என்று வையுங்கள். சரியான இடத்தில் வைத்திருந்தாலும் ஒரு பெனால்டி. கெடியே எடுத்திருந்தால் கெடியே வைத்திருக்கலாம். இதைக் கேட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. எத்தனை பேருக்கு அப்படி வைத்துக் கொடுத்திருப்பேன் என்றார். இனி அவர் மறக்கமாட்டார்.

"நல்ல இடம்" தேடுவது

சீமெந்துப் பாதையில் பந்து கிடந்தால் இலவச நிவாரணம், அதாவது பெனால்டி இல்லாமல் பந்தை அங்கிருந்து நகர்த்தலாம், விதி 16.1. இதற்கு எல்லோரும் சரியான விதியைச் சொல்லிவிட்டு, பிழையான படத்தைத் தெரிவு செய்கிறார்கள். பாதையின் இரு பக்கத்தில் புல் நன்றாக இருக்கும் பக்கத்துக்குக் கண் போய்விடுகிறது. நிவாரணப் புள்ளி ஒன்றே ஒன்றுதான், பந்துக்கு மிக அருகில், குழிக்குக் கிட்டே போகாமல், பந்தும் நிற்கும் இடமும் வீச்சும் பாதையிலிருந்து முழுதாக விலகும் இடம். அங்கே செடி இருந்தாலும் அதுதான்.

இதைப் புத்தகத்தில் படித்தால் பதியாது. கையில் நாலு டீயும் (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) இரண்டு கிளப்பும் (பந்தை அடிக்கும் மட்டை) எடுத்துக்கொண்டு ஒரு பாதையோரம் போங்கள். பாதை இல்லாவிட்டால் எந்தக் கிளப்பால் அடித்திருப்பீர்களோ அதைப் பிடித்து இரு பக்கமும் நின்று பாருங்கள். காலும் வீச்சும் பாதையை விட்டு நீங்கி நிற்கும்போது கிளப்பின் தலை தொடும் இடங்களில் ஒவ்வொரு டீ குத்தி, பந்துக்கு எது கிட்ட என்று அளந்து பாருங்கள். கிட்ட இருப்பதிலிருந்து, புட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) தவிர்ந்த உங்கள் மிக நீளமான கிளப்பால் ஒரு கிளப் நீளத்துக்குள் பந்தை டிரொப் செய்ய வேண்டும். போன ஞாயிறு நாங்கள் அளந்தபோது புள்ளி நேரே செம்பருத்திப் பற்றைக்குள் விழுந்தது. இளையவர் உடனே பந்தை எடுக்கக் குனிந்தார், நான் தடுத்தேன். எடுத்துவிட்டு, பற்றையைப் பார்த்து மனம் மாறித் திரும்பப் பாதையிலேயே வைத்து அடித்தால் ஒரு பெனால்டி. பந்து கீழே கிடக்கும்போதே அளந்து முடிக்க வேண்டும்.