வயிற்றுப்போக்கும் பாதி பாக்கெட்டும்

"எதைக் கொடுத்தாலும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் வயிற்றைக் காயப்போடு." குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் முதல் தவறே அதுதான்.

சாதாரண நாளிலேயே வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் 8 லிட்டர் நீர் வந்து சேருகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரப்பது. அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, 100, 200 மில்லியை மட்டும் மலத்தோடு விடுகிறது. வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்குதான் உதைக்கிறது. குடிப்பதை நிறுத்தினாலும் சுரப்பது நிற்காது. வரவு மட்டும் நின்றுபோகும். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

சரி, வெறும் தண்ணீரை நிறையக் கொடுத்தால்? போவது தண்ணீர் மட்டுமில்லையே, சோடியமும் பொட்டாசியமும் கூடவே போகின்றன. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் இருந்தாக வேண்டும். தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது நீர்த்துப்போகும். குழந்தை துவண்டுவிடும், வலிப்புகூட வரலாம்.

சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் நம்பியது இதைத்தான். உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க வைத்தார். 100 பேருக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது.

தண்ணீரில் கலந்து குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட்டில் இருப்பதும் அதே ஜோடிதான். நாம் கோட்டை விடுவது கலக்குவதில். பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், ஒரு லிட்டருக்கானது. அதில் ரெண்டு ஸ்பூனை ஒரு டம்ளரில் போட்டுவிட்டு, மீதியை ரப்பர் பேண்ட் சுற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. கரைசல் கெட்டியானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், போக்கு கூடும். நீர்க்கக் கலந்தாலோ உப்பு போதாது. முழு பாக்கெட்டையும் கொட்டி, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டம்ளர் கணக்குதான் வசதி என்றால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் கிடைக்கிறது.

பிள்ளை குடிக்க மறுக்கிறதென்று மேலே சர்க்கரை போடுவதும், பாட்டில் ஜூஸ், சோடா கொடுப்பதும் கெட்டிக் கரைசல் செய்யும் வேலையையே செய்யும். குடித்ததும் வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பியுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிய ஜிங்க் (துத்தநாக) மருந்தை, போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். பல வீடுகளில் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறோம்.

கண் குழிந்திருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விழித்திருந்து விழுங்க முடிகிற பிள்ளை என்றால், போகும் ஆட்டோவிலும் ஸ்பூனை நிறுத்த வேண்டாம்.